நான்காவது பூட்டு

இது யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. அன்று அந்தக் குழிக்குள் இறங்கிய மூன்று பேரில் நானும் ஒருவன். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று மணி நிமிடத்தோடு சொல்ல முடியும். முப்பது வருடம் கடிகாரத்தைப் பார்த்தே வேலை செய்தவனுக்கு அது தன்னால் வந்துவிடும். அதனால் கண் மயங்கியிருக்கும், காது ஏமாற்றியிருக்கும் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கண் மயங்காது.

ஆனால் இதை என் கதை என்று சொல்ல மாட்டேன். இது கிளெண்டாவின் கதை. அன்று அவள் மனத்துக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதை, பிறகு பல நாள் என் வண்டியில் உட்கார்ந்து அவளே சொன்னாள். சேர்க்காமல் குறைக்காமல் சொல்கிறேன்.

2011, டிசம்பர் 18. ஞாயிற்றுக்கிழமை. ஒஹாயோவில் எங்கள் ஊர் கார்வெல். நடுராத்திரி எல்லாம் இல்லை, நல்ல பகல்.

கார்க் கதவுகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஆலை எங்களுடையது. கிளெண்டா ஹோர்வாத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. மெஷின் பழுது பார்க்கிற பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். 2005இல் அவளுக்கு மணிக்கு இருபத்தேழு டாலர் எண்பது காசு. எனக்கும் ஏறக்குறைய அதுதான். அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், கோடையில் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். பணக்காரர்கள் இல்லை. ஆனால் யார் முன்னாலும் போய் நிற்கவும் இல்லை.

பிறகு ஆலை இரண்டு முறை கைமாறியது. இரண்டாவதாக வந்தவர்கள் எங்களை எல்லாம் சாப்பாட்டு அறையில் உட்கார வைத்து, அதே வேலை, அதே மெஷின், இனி மணிக்குப் பதினைந்தரை டாலர் என்றார்கள். கேக் கூட வெட்டிக் கொடுத்தார்கள். அந்த வருடத்திலிருந்து எங்கள் தெருவில் பலகைகள் முளைத்தன. முதல் வருடம் படகு விற்பனைக்கு. அடுத்த வருடம் வண்டி விற்பனைக்கு. அதற்கும் அடுத்த வருடம் வீடே விற்பனைக்கு.

பதினைந்தரை என்று சொன்ன அன்று ஒரே ஒருவன் எழுந்து, கையுறையைக் கழற்றி கேக்குக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வெளியே நடந்தான். வெர்ன் டக்கெட். கிளெண்டாவோடு பதினேழு வருடம் ஒரே ஷிஃப்டில் நின்றவன். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். கைதட்டியதோடு சரி, ஒருவரும் அவன் பின்னால் போகவில்லை. மூன்று மணி நேரத் தூரத்தில் ஏதோ ஒரு பெரிய சரக்குக் கிடங்கில், கூலிக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம், மணிக்குப் பதினொன்றே கால் டாலருக்குச் சேர்ந்திருக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டோம். மனைவி லூவான் இங்கே எங்கள் ஊரிலேயே இருந்தாள். அவன் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

அந்த டிசம்பரில் ஆலையில் மீதி இருந்தது அறுபத்து நான்கு பேர். தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய பிரஸ்களை எல்லாம் வேறு மாநிலத்துக்கு விற்றுவிட்டார்கள். கடைசியாக மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, பிரஸ் ஏழு என்று நாங்கள் சொல்கிற ஏழாம் எண் பிரஸ். மூன்று மாடி உயரம். அது போன பிறகு ஒரு சின்ன லைன் மட்டும் ஓடும், அதற்குப் பதினோரு பேர் போதும். அந்தப் பதினோரு பெயரும் திங்கட்கிழமை காலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

சனிக்கிழமை மாலை மேனேஜர் பிரென்ட், கிளெண்டாவை அழைத்தான்.

"நாளைக்கு பிரஸ் ஏழ முடிச்சுக் குடுங்க. லிஸ்ட் போடறப்போ நான் மறக்க மாட்டேன்."

கிளெண்டாவின் கணவன் கேரிக்கு நரம்பு நோய். மாதம் ஒரு ஊசி. அந்த ஊசியின் விலையைக் கேட்டால் நல்ல ஆளே படுத்துவிடுவான். அவளுடைய வேலை இருக்கிற வரைக்கும்தான் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் இருக்கிற வரைக்கும்தான் ஊசி. கேரி அப்போது ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடந்துகொண்டிருந்தான். அந்த நடை நின்றுபோகக் கூடாது. கிளெண்டாவுக்கு அன்று இருந்த ஒரே கவலை அதுதான்.

இப்போது பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷினுக்குள் ஆள் இறங்குவதற்கு முன், கரண்டுப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, இறங்குகிற ஒவ்வொருவரும் அதில் தன் சொந்தப் பூட்டைத் தொங்கவிட வேண்டும். பூட்டோடு ஒரு அட்டை இருக்கும். பெயர், எண், 'தொடாதே, ஆள் உள்ளே' என்கிற எழுத்து. சாவி அவரவர் பையில். எல்லாப் பூட்டும் கழன்றால்தான் கைப்பிடி மேலே ஏறும். பூட்டுகள் எல்லாம் கிளெண்டாவின் பொறுப்பில்தான் இருந்தன. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் அவள்தான்.

"இத பூட்டுன்னு நெனைக்காதீங்க. ஒரு ஆளோட கழுத்துன்னு நெனைங்க," என்பாள். "அடுத்தவங்க கழுத்துல கை வைப்பீங்களா?"

யாராவது பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அதை வெட்டுகிற அதிகாரம் அவள் ஒருத்திக்குத்தான். அதற்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மெஷினுக்குள் முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். பூட்டுக்காரனை போனில் பிடித்து, 'நான் வெளியே இருக்கிறேன்' என்று அவன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வெட்டியது மூன்றே பூட்டு.

பகல் 12:55. கிளெண்டா, நான், ஆர்லோ பிட்மன். மூன்று பேரும் பூட்டுப் போட்டோம். ஆர்லோ கிரேன் ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். எப்போதும் பூட்டை விரலால் தட்டி எண்ணுவான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ்வளவுதான், கல்யாணக் கூட்டம்."

ஹீட்டரை அணைத்து வைத்திருந்தார்கள். வெளியே பனி. ஆலைக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. பிரென்ட் அந்தக் கோடியில் அலுவலக அறையில், காலடியில் சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களுக்கும் அவனுக்கும் இடையில் இருநூறு மீட்டர் வெறும் தரை. முன்பு மெஷின்கள் நின்ற இடமெல்லாம் இப்போது எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

வேலை இதுதான். பிரஸ்ஸின் அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி, கழிவுத் தகடு போகிற பெல்ட்டைக் கழற்றி எடுக்க வேண்டும். பிறகு மேலே வந்து, கடைசியாக ஒருமுறை கரண்டு கொடுத்து, பிரஸ்ஸின் மேல்தட்டைக் கீழே இறக்கி உட்கார வைக்க வேண்டும். அதை முடித்துவிட்டதாக மாலை 5 மணிக்குள் தகவல் சொன்னால்தான், மறுநாள் காலையில் லாரிக்காரர்கள் வருவார்கள்.

2:10. குழிக்குள் இருந்தோம். நான் வடக்கு மூலை, ஆர்லோ நடுவில், கிளெண்டா தெற்கே.

டக்... டக்... டக்...

யாரோ ஸ்பேனரால் இறுகிய போல்ட்டைத் தட்டுகிற சத்தம்.

"ரஸ், கொஞ்ச நேரம் தட்டாம இரு," என்றாள் கிளெண்டா.

"நான் தட்டல," என்றேன்.

ஆர்லோவின் கையில் ஸ்பேனரே இல்லை. காபி இருந்தது.

சத்தம் நின்றது. பழைய மெஷின், குளிரில் இரும்பு சுருங்குகிறது என்று ஆர்லோ சொன்னான். நாங்களும் தலையாட்டினோம்.

2:40. கிளெண்டாவுக்கு ஒரு வாசனை வந்தது. குழிக்குள் எண்ணெய் வாடைதான் அடிக்கும். இது வேறு. உலர்ந்த அட்டைப்பெட்டியின் வாசனை. புதுச் செருப்பு வாங்கி டப்பாவைத் திறந்தால் வருமே, அது. அவள் முழங்கையில் பழுப்பு நிறத்தில் தூசி படிந்திருந்தது. தட்டிவிட்டாள். மறுபடியும் படிந்தது.

எங்கள் ஆலையில் அட்டைப்பெட்டி என்று ஒன்று கிடையாது. நாங்கள் இரும்புக் கூடையில்தான் சரக்கு அனுப்புவோம்.

3:18.

பீப்... பீப்... பீப்...

ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிற சத்தம். ரொம்பத் தூரத்தில்.

"இங்கதான் ஃபோர்க்லிஃப்டே இல்லையே. எல்லாத்தையும் அக்டோபர்லயே வித்துட்டானுங்க," என்றான் ஆர்லோ. இந்த முறை குளிர், இரும்பு என்றெல்லாம் அவன் சொல்லவில்லை.

3:20. எங்கள் தலைக்கு மேலே, மிகத் தெளிவாக...

க்ளிக்.

பூட்டு விழுகிற சத்தம் எங்களுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"பிரென்ட்?" என்று கூப்பிட்டாள் கிளெண்டா.

பதில் இல்லை. காலடிச் சத்தமும் இல்லை.

வேலையை முடித்துவிட்டு மேலே ஏறினோம். 4:05. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. ஆர்லோ சாவியை எடுத்துக்கொண்டு பெட்டியிடம் போனான். வழக்கம்போல் விரலால் தட்டினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

விரல் நின்றுவிட்டது.

நான்காவதாக ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு நிறம். விளிம்பில் பெயின்ட் உரிந்திருந்தது. கிளெண்டா அட்டையைத் திருப்பினாள். எங்கள் ஆலையின் பழைய அட்டை. பேனா எழுத்து.

வெர்ன் டக்கெட். 1187.

அவன் இந்த ஊரை விட்டுப் போய் இரண்டு வருடம். பூட்டு அவனுடைய சொந்தப் பூட்டு. போகும்போது கையோடு எடுத்துக்கொண்டு போனதைக் கிளெண்டா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"யாரு வெளையாடறது?" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கீழே இருந்தோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் பூட்டுகளைக் கழற்றினோம். குளிரில் மூன்றும் ஐஸ்கட்டியாக இருந்தன. பிறகு கிளெண்டா அந்தச் சிவப்புப் பூட்டைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ரஸ். தொட்டுப் பாரு."

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டியது மாதிரி.

4:12. பிரென்ட் வந்தான். விஷயத்தைச் சொன்னோம். அவன் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"லிஸ்ட் நாளைக்கு வருது. மெஷின் போகக் கூடாதுன்னு யாரோ ஒருத்தர் செஞ்ச வேலை இது. யாருன்னு நான் கேக்கல. வெட்டிடுங்க."

"தம்பி, எங்களுக்கு வெளையாட இப்ப தெம்பு இருக்குன்னா நெனைக்கிறே?" என்றான் ஆர்லோ.

"தேடாம, பேசாம நான் வெட்ட மாட்டேன்," என்றாள் கிளெண்டா.

எங்கள் பூட்டுகளைத் திரும்ப மாட்டிவிட்டு, டார்ச்சோடு நாங்களே மறுபடியும் குழிக்குள் இறங்கினோம். நான்கு மூலையும் பார்த்தோம். யாரும் இல்லை. மேலே வந்து எங்கள் மூன்று பூட்டையும் கழற்றினோம்.

4:21. கிளெண்டா வெர்னுக்குப் போன் போட்டாள். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

மணி அடித்தது. ஒருமுறை... இரண்டு... மூன்று... நான்கு...

எடுத்தான்.

முதலில் மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால்... பீப்... பீப்... பீப்...

"வெர்ன், கிளெண்டா பேசறேன். எங்க இருக்கே?"

"உள்ள."

அவன் குரல்தான். பதினேழு வருடம் கேட்ட குரல். ஆனால் ஏதோ இரும்பு டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"உள்ளன்னா? எதுக்குள்ள?"

"இன்னும் கொஞ்ச நேரந்தான். ஒரு போல்ட்டு சிக்கிட்டு இருக்கு."

"உன் பூட்டு இங்க தொங்குது வெர்ன். பிரஸ் ஏழுல."

டக்... டக்... டக்...

பிறகு அவன் சொன்னான். "பூட்டு இருக்குல்ல? அப்ப சரி. பாத்துக்க, கிளெண்டா."

வைத்துவிட்டான். நாற்பத்தெட்டு விநாடி. பேசிய நேரம் அவள் போனிலேயே பதிவாகியிருந்தது. மறுபடியும் போட்டாள். மணியே அடிக்கவில்லை.

வெளியே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியவன் உள்ளே இருக்கிறேன் என்கிறான். வகுப்பில் அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இந்த வார்த்தை வந்தால் அத்தோடு சரி. வெட்டக் கூடாது. ஆள் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

பிரென்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கும் மேலே யாரோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு மூணு மணி நேரத் தூரத்துல எதுக்குள்ளயோ இருக்காரு. இருக்கட்டும். இதுக்குள்ள இல்லல்ல?"

கிளெண்டா அந்த அட்டையை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களே எறங்கிப் பாத்தீங்க. இருக்காரா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? அஞ்சு மணிக்குள்ள நான் தகவல் சொல்லலன்னா லாரிக்காரன் வேற வேலைக்குப் போயிடுவான். ஒரு வாரம் தள்ளிப் போகும். மேல கேப்பாங்க, யாரால தள்ளிப்போச்சுன்னு. நான் ஒரு பேரு சொல்லியாகணும் கிளெண்டா."

4:40.

கிளெண்டா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன செய்யட்டும்?"

இருபத்திரண்டு வருடத்தில் பூட்டு விஷயத்தில் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"ஆளில்லாத குழிக்கு எதுக்கும்மா காவலு," என்றான் ஆர்லோ. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நானும் சொன்னேன். "வெட்டிடு."

அதைச் சொன்னபோது நான் வெர்னை நினைக்கவில்லை. பதினோரு பெயரில் என் பெயர் இருக்குமா என்றுதான் நினைத்தேன். அவள் கேரியை நினைத்தாள். சமையலறை வரை வந்துவிட்டு, பாத்தியா, ஊன்றுகோல் இல்லாமல் என்று அவன் சிரிப்பானாம். அந்தச் சிரிப்பை நினைத்தாளாம்.

பெரிய வெட்டுக்கத்திரியை எடுத்து வந்தாள்.

பூட்டின் வளையத்தில் வைத்தாள்.

4:47.

டங்.

பூட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது. வெதுவெதுப்பு இல்லை. ஐஸாக இருந்தது.

கைப்பிடியை ஏற்றினாள். மோட்டார் உறுமியது. பிரென்ட் ஒதுங்கி நின்றான். அவள் பட்டனை அழுத்தினாள்.

மேல்தட்டு மெதுவாக இறங்கியது.

4:49.

பாதி வழியில்...

நின்றது.

ஒரே ஒரு நொடி.

அழுத்தம் காட்டுகிற முள் துள்ளி எழுந்தது. அடியில் ஏதோ இருக்கிறபோது துள்ளுவதுபோல்.

அடியில் ஒன்றும் இல்லை. நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வெறும் காற்று.

முள் விழுந்தது.

தட்டு இறங்கி உட்கார்ந்தது.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பீப் சத்தம்கூட இல்லை. அதுவரை அது எங்கோ கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்பது, நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

4:56க்கு பிரென்ட் லாரிக்காரருக்குத் தகவல் சொன்னான். எங்களுக்கு நன்றி சொன்னான். வீட்டுக்குப் போனோம்.

இரவு 8:35க்குக் கிளெண்டாவின் போன் அடித்தது. லூவான். வெர்னின் மனைவி. அவள் 'வெர்ன்...' என்று தொடங்கியதுமே கிளெண்டாவுக்குப் புரிந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"எத்தன மணிக்கு?" என்றுதான் கேட்டாள்.

"அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்போன்னு சொல்றாங்க."

கிளெண்டா போனை வைத்துவிட்டுப் போய்க் குளியலறையில் உட்கார்ந்துகொண்டாள். கேரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து கதவைத் தட்டினானாம். அவளால் திறக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை லிஸ்ட் ஒட்டினார்கள். கிளெண்டாவின் பெயர் இரண்டாவது. என் பெயர் ஒன்பதாவது. ஆர்லோவின் பெயர் இல்லை. அவன் லிஸ்டை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை விரலால் தட்டி எண்ணிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான்.

வெர்னின் அடக்கத்தில் சவப்பெட்டியைத் திறக்கவில்லை.

ஜனவரி 22, ஞாயிறு. லூவான் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறாள் என்று தெரிந்தது. கிளெண்டா பார்க்கப் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்றாள். நான்தான் வண்டி ஓட்டினேன். போகிற வழியெல்லாம் சொல்லிவிடப் போகிறேன், சொல்லிவிடப் போகிறேன் என்றே வந்தாள்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்தோம். லூவான் காபி ஊற்றினாள். விசாரணை அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனதை எல்லாம் அவளே சொல்லத் தொடங்கினாள். அழுது முடித்த குரல்.

"அட்டப்பெட்டிய அமுக்கிக் கட்டற மெஷினாம். உள்ள ஏதோ போல்ட்டு உடஞ்சு போச்சாம். பெட்டி தூக்கற கூலிதான் அவருக்கு. ஆனா மெஷின் நின்னா, வெர்னக் கூப்பிடு, அவனுக்குத் தெரியும்னு கூப்பிடுவாங்களாம். இவரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாரு."

"உள்ள எறங்கினாரா?" என்றேன் நான். ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"எறங்கினாரு. அன்னைக்கு நீ அவருக்குப் போன் போட்டிருக்கே கிளெண்டா. 4:21க்கு. எதுக்கு?"

"சும்மாதான்... பேசி ரொம்ப நாளாச்சேன்னு."

"அங்க போன உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. காலையில லாக்கர்ல வச்சது வச்சபடியே இருந்துச்சு. பூட்டின லாக்கரு. உன்னோடது மிஸ்டு கால்னு கெடக்கு."

நானும் கிளெண்டாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நாற்பத்தெட்டு விநாடி. நான்கு பேர் கேட்டோம்.

"ஏஜென்சி ஆளுங்களுக்கு அங்க பூட்டு குடுக்கறதில்லையாம்," என்றாள் லூவான். "மூணு தடவ கேட்டிருக்காரு. குடுக்கல. அதனால தன் பழைய பூட்டையே எடுத்துட்டுப் போயிருந்தாரு. செவப்புப் பூட்டு, நீ பாத்திருப்பே. அன்னைக்கு அதத்தான் சுவிட்சுல மாட்டிட்டு எறங்கியிருக்காரு. அங்க கேமரா இருக்கு. 3:20க்கு மாட்டறது தெளிவாத் தெரியுதாம்."

கிளெண்டாவின் கை கோப்பையைச் சுற்றி இறுகியது.

"பட்டன அழுத்தின ஆளு அழுவுறானாம். நான் பாத்தேன், பூட்டு இல்ல, இருந்தா அழுத்துவேனான்னு. நான் அவன் பொய் சொல்றான்னுதான் நெனச்சேன். அதிகாரி இல்லேன்னுட்டாரு. படத்துல 4:46க்குப் பூட்டு தொங்குது. 4:47க்கு இல்ல."

"யாராவது..." என்றேன்.

"யாரும் வரல. அதத்தான் அதிகாரியால சொல்ல முடியல. நாலு தடவ போட்டுப் பாத்தாராம். சுத்துவட்டத்துல ஒரு ஆளு இல்ல. பூட்டு இருக்கு... அப்பறம் இல்ல. தானா எப்படிப் போகும் கிளெண்டா?"

கிளெண்டா வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

லூவான் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு அடிக்கடி சொல்லுவாரு. அங்க கிளெண்டா இல்லியே, அதான் பயமா இருக்குன்னு. நீ மட்டும் அங்க இருந்திருந்தா, அந்தப் பூட்டுல ஒருத்தன கை வைக்க விட்டிருக்க மாட்டே."

கிளெண்டா தலையை அசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்குத் தெரியவில்லை. லூவான் அந்தக் கையை ரொம்ப நேரம் விடவில்லை.

லூவானிடம் அதைச் சொல்லாமலே கிளம்பி வந்தோம். மறுநாள் காலை 5:30க்கு இருவரும் வேலைக்குப் போனோம்.